அரசர் பெயர் இல்லாத பட்டம்

என்ரை குஞ்சுத் தம்பி தவத்துக்கு,

உன் ஆண்டுத் திவசத்துக்கு நினைவு மலர் அடிக்கப் போகிறோம், கூடப்பிறந்தவள் என்ற முறையில் ஒரு பக்கம் எழுதித் தாருங்கோ என்று உன் பெண்சாதி, மச்சாள் வதனி, யாழ்ப்பாணத்திலிருந்து போன் எடுத்துக் கேட்டாள். பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம் என்றெல்லாம் வரவேண்டுமாம். நீ பாசக்காரன்தான், இல்லையென்று யார் சொன்னது? ஆனால் உன்னைச் சிகரம் என்றும் உறைவிடம் என்றும் எழுதினால் நீயே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய். மலருக்கு வேண்டியதை அவர்கள் விருப்பப்படி எழுதி அனுப்பிவிட்டேன். இது வேறு.

இது உனக்கு. எங்களைப் போலப் பிள்ளையை இங்கே வைத்து வளர்த்து, பிறகு ஏதோ ஒரு தூர தேசத்துக்குப் படிக்க அனுப்பிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய் தகப்பன்மார் இந்த வளைகுடா முழுக்க இருக்கிறார்கள். அவர்களும் வாசித்துவிட்டுப் போகட்டும் என்றுதான் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

செய்தி ஆரணியைப் பற்றியது. வேறு யாரைப் பற்றி நீ கேட்கப் போகிறாய்? சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், தம்பி. உன் மகள் மட்ரிட்டில் படித்து வாங்கிய பட்டம் செல்லாது. அதை வைத்துக்கொண்டு அவள் இங்கே உளவியல் வேலை பார்க்க முடியாது. சவூதியிலும் முடியாது. அந்தப் பட்டத்தைக் கொடுத்த ஸ்பெயினிலேயே முடியாது. நீ போகும்போது இது உனக்குத் தெரியாது. எங்கள் ஒருவருக்குமே தெரியாது.

எப்படி வந்தது இந்த ஸ்பெயின் எங்கள் வீட்டுக்குள்? உன் ஹவியரால்தான் வந்தது. சவூதியில், அல் கோபாரில் கடல்நீரைக் குடிநீராக்கும் பிளான்ட் சைட்டில் நீ டிராப்ட்ஸ்மனாகப் படம் வரைந்துகொண்டிருந்தாய். அவன் ஸ்பெயின் கம்பனியிலிருந்து வந்த இன்ஜினியர். தேத்தண்ணி நேரத்தில் கேபினுக்குள் இருந்து தன் நாட்டுப் பல்கலைக்கழகத்தைப் பற்றிச் சொல்லுவானாம். பஸ் ஓட்டியவரின் மகனாம் அவன். மந்திரியின் பிள்ளையும் பஸ் டிரைவரின் பிள்ளையும் ஒரே அரசுப் பல்கலைக்கழகத்தில், ஒரே வாங்கில் இருந்து படிப்பார்களாம். நீ வெள்ளிக்கிழமைகளில் பாலத்தைக் கடந்து பஹ்ரைனில் குதைபியாவுக்கு வந்து, என் குசினி வாசலில் நின்று இதையெல்லாம் எனக்கு ஒப்புவிப்பாய். பட்டப்படிப்பை நாட்டுச் சண்டை குலைத்ததால் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்தவன் நீ. உன் கண்ணில் அப்போது என்ன தெரிந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆரணி அந்த நாட்களில் என்னோடுதான் இருந்தாள். மனாமாவில் ஒரு தனியார் கல்லூரியில் உளவியல் முதல் பட்டம் படித்தாள். இங்கே பிறந்து வளர்ந்தாலும் இந்த நாடுகளின் அரசுப் பல்கலைக்கழகம் எங்கள் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்காது, ஊரில் உள்ளதும் கிடைக்காது என்று உனக்கு ஒரே கவலை. அவளோ பேசத் திணறும் குழந்தைகளோடு வேலை செய்ய வேண்டும் என்று ஒரே பிடி. அதற்கு முதுகலைப் பட்டம் வேண்டும். யூடியூப்பைப் பார்த்து, பாட்டுக் கேட்டு, பிறகு வகுப்புக்கும் போய் ஸ்பானிஷ் படித்தாள். என் வீட்டுச் சுவரெல்லாம் மஞ்சள் துண்டு ஒட்டி, பிரிட்ஜுக்கு ஒரு பெயர், கதவுக்கு ஒரு பெயர் என்று எழுதி வைத்தாள். நான் சீனி டப்பாவைக் கேட்டால் அதற்கும் ஸ்பானிஷில் பதில் வரும்.

ஏஜென்ட் ஒருவனைப் பிடித்தாய். ஒரு கிழமைக்குள் அட்மிஷன் என்றான். மட்ரிட்டில் பெயர் சொன்னால் தெரியும் பல்கலைக்கழகம், மருத்துவ உளவியல், ஒரு வருடம். நீ என் வீட்டு சோபாவில் இருந்துகொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டு அவனிடம் ஹிந்தியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாய்.

"பாய், சர்ட்டிபிகேட் அட்டெஸ்டேஷன் ஹோகா?"

"ஹோகா பாய், ஹண்ட்ரட் பர்சென்ட். டென்ஷன் மத் லோ."

நீ போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். "அக்காச்சி, பிரச்சினை இல்லை. சீல் எல்லாம் விழுமாம்."

வேறு என்ன கேட்பாய்? இத்தனை வருட வளைகுடா வாழ்க்கை எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த கேள்வி அதுதானே. படித்து முடித்தால் சீல், கல்யாணம் முடித்தால் சீல், பிள்ளை பிறந்தால் சீல். நோட்டரி, வெளிநாட்டு அமைச்சு, தூதரகம், பிறகு இங்குள்ள அமைச்சு என்று வரிசையாக விழுந்துவிட்டால் அந்தக் கடதாசிக்கு உயிர் வந்துவிட்டது என்று நம்புகிற ஆட்கள் நாங்கள். அந்தச் சீல் சொல்வது ஒன்றைத்தான்: கீழே உள்ள கையெழுத்து அந்தப் பெயருக்குரியவர் போட்டதுதான். பட்டத்துக்கு என்ன பெறுமதி என்பது பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது. இதை இப்போது நான் வாத்தியார் மாதிரிச் சொல்கிறேன். அன்றைக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

அந்த ஒரு வருடம் நீ எப்படி இருந்தாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? சைட்டில் நிற்கும்போதும் மட்ரிட்டில் இப்போது மழையா வெயிலா என்று போனில் பார்த்துக்கொண்டிருப்பாயாம். ஹவியர் பிறகு சொல்லிச் சிரித்தான். ஆரணி எங்கள் இருவரையும் ஒன்றாக வீடியோ போனில் எடுத்து நாள் தவறாமல் ஏதாவது கொண்டுவருவாள். பல்கலைக்கழகப் பீடத்துக் கன்டீனில் பேராசிரியர்மார் பிள்ளைகளோடு முட்டி மோதி நின்றுதான் கோப்பி குடிக்கிறார்களாம். மத்தியானச் சாப்பாடே மூன்று மணிக்காம். ஆசிரியரைப் பெயர் சொல்லி, நீ என்று கூப்பிட வேண்டுமாம். அதைக் கேட்டு உனக்கு மயக்கம் வராத குறை. "அப்பிடிக் கூப்பிடாதை பிள்ளை, மரியாதையா சேர் எண்டே சொல்லு" என்று நீ அவளுக்குப் புத்தி சொன்னாய்.

பிறகு அந்தத் தேர்தல். இதைத்தான் நான் ஓயாமல் நினைத்துக்கொண்டிருக்கிறேன், தவம்.

படிப்புத் தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அங்கே ரெக்டர் என்று சொல்லப்படும் பல்கலைக்கழகத் தலைவரை, நம் ஊர்த் துணைவேந்தர் மாதிரி ஒருவரை, வாக்குப் போட்டுத்தான் தெரிவு செய்கிறார்கள். பேராசிரியர்களும் போடலாம், அலுவலகத்து ஆட்களும் போடலாம், மாணவர்களும் போடலாம். ஆரணி அன்றைக்குப் பீடத்துப் படியில் இருந்து எங்களை வீடியோவில் எடுத்தாள். பின்னால் வாக்குப் பெட்டி வைத்த மேசை தெரிந்தது.

"அப்பா, இங்கை ரெக்டருக்கு எலெக்ஷன். ஸ்டூடன்ட்ஸும் வோட் பண்ணலாம். என்ரை பிளாட்டிலை இருக்கிற கொலம்பியாப் பிள்ளையும் போட்டிட்டாள். என்ரை நேம் மட்டும் லிஸ்டிலை இல்லை."

நீ யோசிக்கவே இல்லை. "எங்களுக்கென்ன குஞ்சு வோட்டு? நாங்கள் வந்த ஆக்கள். நீ படிப்பைப் பார்."

"ரெக்டர் ஆர் வந்தாலும் நீ உன்ரை பாடத்தைத்தானே படிக்கப் போறாய்" என்றேன் நான்.

அவளும் தோளைக் குலுக்கினாள். "யா, ட்ரூ. ஐ ஜஸ்ட் தோட் இட் வாஸ் ஃபன்னி."

மூன்று பேரும் சிரித்தோம். அதோடு அந்தக் கதை முடிந்தது.

அந்தக் கொலம்பியாப் பிள்ளையும் வெளிநாட்டுக்காரிதானே, தம்பி! வந்த ஆள் என்பதால்தான் வாக்கு இல்லை என்றால் அவளுக்கு எப்படி வந்தது? எங்கள் மூன்று பேரில் ஒருவருக்காவது அதைக் கேட்கத் தோன்றியதா? மதுரையிலிருந்தோ கண்டியிலிருந்தோ நேரே போன பிள்ளை என்றால், என் பெயர் ஏன் இல்லை என்று அலுவலகக் கதவைத் தட்டியிருப்பாள். ஆரணி கோபாரில் பிறந்தவள். பிறந்த ஊரில் அவள் பெயர் எந்தப் பட்டியலிலும் இருந்ததில்லை. இருக்கும் என்று யாரும் அவளுக்குச் சொல்லி வளர்க்கவும் இல்லை. நானும் நீயும் அப்படித்தானே முதுமையை நோக்கி நடந்தோம்? எங்கள் பெயர் இல்லாத இடத்தில் ஓரமாக நின்றுவிட்டு, வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவோம். அது எங்களுக்குக் குறையாகவே பட்டதில்லை.

அவள் பெயர் ஏன் இல்லை என்பதற்குக் காரணம் மிகச் சின்னது. அந்தப் பல்கலைக்கழகத்தில் இரண்டு விதமான பட்டம் இருக்கிறது. ஒன்று, அரசாங்கம் பார்த்துச் சரியென்று ஏற்றுக்கொண்டது. மற்றது, பல்கலைக்கழகம் தானே வகுத்துத் தானே கொடுப்பது. சொந்தப் பட்டம் என்று சொல்கிறார்கள். கட்டடம் ஒன்று, பேராசிரியர்களும் அதே ஆட்கள், கன்டீனும் ஒன்று. ஆனால் அரசுப் பட்டத்துக்குப் பதிந்த மாணவர்களுக்குத்தான் அங்கே வாக்கு. ஆரணி படித்தது மற்றது. அன்றைக்கு அவள் எழும்பிப் போய் மேசையில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பார். படிப்புத் தொடங்கிய புதிது. விட்டுவிட்டு அடுத்த வருடத்துக்கு ஒழுங்காக வேறொன்றுக்கு விண்ணப்பித்திருக்கலாம். நீயும் அப்போது உயிரோடு இருந்தாய்.

யாரும் எங்களை ஏமாற்றவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பல்கலைக்கழகம் ஒன்றையும் மறைக்கவில்லை. இணையதளத்தில் போட்டிருக்கிறார்கள். வேலையில் இருப்பவர்கள் மேலதிகமாக ஏதாவது கற்றுக்கொள்ள விரும்பினால் அது நல்ல படிப்புத்தானாம். ஏஜென்டும் நீ கேட்டதற்குப் பொய் சொல்லவில்லை, சீல் எல்லாம் விழுந்ததுதானே? யாரையாவது பிடித்து ஏசலாம் என்று பார்த்தால் ஆளே இல்லை.

அவள் ஆய்வறிக்கையை மூன்று பேராசிரியர்கள் முன்னால் நின்று, ஸ்பானிஷிலேயே வாதாடித் தேறினாள். நல்ல புள்ளி. தோளில் நிறப்பட்டி போட்டு எடுத்த படத்தை நீ பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கோபார் வீட்டு ஹாலில் மாட்டினாய். வந்தவன் போனவன் எல்லோருக்கும் காட்டினாய். சான்றிதழ் ஊர் ஊராகப் போய்ச் சீல் வாங்கி வந்து சேர்ந்த நேரத்தில்தான் ஒரு காலை சைட் பஸ்ஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரிக்கு வந்த ஹவியர்தான் எனக்குப் போன் எடுத்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அந்த நேரம் இங்கிலீஷும் வரவில்லை. இரண்டு பேரும் போனில் அழுதோம்.

உன்னை ஊருக்குக் கொண்டுபோனோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்தது. மச்சாள் அங்கேயே தங்கிவிட்டாள். நீ இல்லாத பிறகு அவளுக்கும் பிள்ளைக்கும் கோபாரில் விசா ஏது? ஆரணி மட்டும் விசிட்டில் என்னிடம் வந்தாள். மனாமாவில் பிள்ளைகளுக்கான சிகிச்சை நிலையம் ஒன்று அவளை எடுக்கத் தயாராக இருந்தது. உரிமம் வந்தால் வேலை, வேலை வந்தால் விசா. கெதியாக முடிந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

உரிமம் வரும்வரை ஓரமாக இருந்து பார்க்கலாம் என்று நிலையத்தில் இடம் கொடுத்தார்கள். அங்கே ஒரு மலையாளக் குழந்தை வரும், நீத்து என்று பெயர். பள்ளிக்கூடம் போகும் வயது, ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் வராது, யாரையும் தொடவும் விடாது. ஆரணி வாரக்கணக்காக அதன் பக்கத்தில் தரையில் இருந்து மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டே இருந்தாளாம், ஒன்றும் கேட்காமல். ஒரு நாள் அந்தக் குழந்தை தானாக வந்து இவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டதாம். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் "மாமி, ஷி ஹெல்ட் மை ஃபிங்கர்!" என்று குசினிக்குள் ஓடி வந்தாள். நீ செத்த பிறகு அவள் சிரித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். கவுன்டரில் இருந்தது பஹ்ரைன் பிள்ளை ஒன்று, ஆரணியின் வயதுதான் இருக்கும். நல்ல பிள்ளை, தம்பி. எழும்பி வந்து எங்கள் பக்கத்துக் கதிரையில் இருந்துதான் சொன்னாள். "ஹபீப்தி, சீல் எல்லாம் சரி. சான்றிதழும் உண்மை. ஆனால் இது அந்த நாட்டின் அரசுப் பட்டம் இல்லை. எங்களால் ஏற்க முடியாது." ஆரணிக்கு விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை. ஏதோ பிழை நடந்திருக்கிறது, இன்னொரு சீல் குறைகிறது என்று நினைத்துக்கொண்டு வெளியில் வந்தோம்.

ஆரணி சான்றிதழைப் படம் பிடித்து ஹவியருக்கு அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவன் போன் எடுத்தான். மெல்லக் கேட்டான், இதில் மேலே அரசரின் பெயர் எங்கே என்று.

அங்கே அரசுப் பட்டம் என்றால் அரசரின் பெயரில்தான் வருமாம். ஸ்பெயின் மன்னர் இன்னார், அவர் பெயரால் இந்தப் பல்கலைக்கழக ரெக்டர் என்றுதான் தொடங்குமாம். அவனுடைய பட்டமும் அப்படித்தான், அவனுடைய தங்கையின் பட்டமும் அப்படித்தான். ஆரணியின் சான்றிதழில் ரெக்டர் மட்டும்தான் இருக்கிறார். நீயும் நானும் அதை எத்தனை தரம் கையில் வைத்துப் பார்த்தோம்! நடக்கும் இடமெல்லாம் மன்னர் படத்தைப் பார்த்தே வாழ்ந்த எங்களுக்கு, ஒரு கடதாசியில் மன்னர் இல்லையே என்று தெரியவில்லை.

"தவாவுக்கு நான் என் பல்கலைக்கழகத்தைப் பற்றி மட்டும்தான் சொன்னேன்" என்றான் ஹவியர். "மற்றதைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அவர் கேட்பார் என்று நினைக்கவும் இல்லை."

அதற்குப் பிறகு நாங்கள் தட்டாத கதவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதினோம். மரியாதையாக, தாமதிக்காமல் பதில் வந்தது: சேரும்போது சொன்னபடியே இது சொந்தப் பட்டம், மாற்ற வழியில்லை. சரி, முனைவர் பட்டத்துக்குப் போகலாமா என்று கேட்டோம். இந்தப் பட்டத்தைக் கொண்டு அதற்குள் நுழைய முடியாது. அரசுப் பட்டமாகவே மறுபடி படிக்கலாமா என்று கேட்டோம். சிகிச்சை செய்ய உரிமை தரும் படிப்பென்றால், மனாமாவில் எடுத்த முதல் பட்டத்தை முதலில் அந்த நாட்டு அரசு தன் பட்டத்துக்குச் சமம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த ஒப்புதலுக்கு ஆட்கள் வருடக்கணக்கில் காத்துக்கிடக்கிறார்கள். கிடைத்தாலும் இடங்கள் கொஞ்சம், கேட்பவர்கள் கூட்டம். ஹவியரின் தங்கை அங்கே விசாரித்துவிட்டு ஒளிக்காமல் சொன்னாள், சில பாடங்களை முதல் பட்டத்திலிருந்தே திரும்பப் படிக்க வேண்டியும் வரலாம் என்று. அதற்கெல்லாம் இப்போது யார் பின்னால் நிற்பது? காசைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை. நீ என்ன செய்து அவளை அனுப்பினாய் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

இங்கே மேல்முறையீடு ஒன்று கொடுத்துப் பார்த்தோம். அந்தப் பஹ்ரைன் பிள்ளைதான் எழுத உதவினாள். போன கிழமை அதற்கும் பதில் வந்துவிட்டது. இல்லை என்று. கலாஸ், அவ்வளவுதான்.

சிகிச்சை நிலையத்தின் முதலாளி அம்மா கெட்டவள் அல்ல. உள்ளே வேலை தர முடியாது, ஆனால் முன் மேசையில் ரிசெப்ஷனுக்கு எடுக்கிறேன், அந்தப் பெயரில் விசாவும் போடலாம் என்றாள். ஆரணி ஓம் என்றுவிட்டாள். எனக்கும் அது பரவாயில்லை என்றுதான் பட்டது. பிள்ளை என்னோடு இருந்தால் போதும் என்று இருந்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனாள்.

மத்தியானத்துக்கு முன்னமே திரும்பி வந்துவிட்டாள். நான் அன்று லீவில் வீட்டில்தான் இருந்தேன். என்ன என்று கேட்டேன். அறைக்குள் போய்ச் சூட்கேஸை இழுத்துக் கட்டிலில் போட்டாள். உடுப்புகளை மடித்து வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

"நீத்து வந்தவள் மாமி. டெஸ்க்குக்குப் பின்னாலை நான் இருக்கிறதைக் கண்டிட்டாள். வந்து என்ரை கையைப் பிடிச்சு இழுக்கிறாள், ரூமுக்கு வா எண்டு. ஐ குட்ன்ட் கோ. நான் எழும்பேலாது. புதுசா எடுத்த ஆள் வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போயிட்டா. ஷி ஸ்க்ரீம்ட், மாமி. அந்தப் பிள்ளையின்ரை சத்தத்தை நான் கேட்டதே இண்டைக்குத்தான்."

தம்பி, கட்டிலில் அவள் பக்கத்தில் இருந்து முதுகைத் தடவினேன். வாயில் என்ன வரும்? எங்கள் சனத்தின் வாயில் எப்போதும் வருவதுதான் வந்தது. "ஒண்டுக்கும் யோசியாதை குஞ்சு. எல்லாம் சரிவரும்."

அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னாள்.

"பிளீஸ் மாமி, அதை மட்டும் இனிச் சொல்லாதேங்கோ. சரிவராது. எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அம்மா சொல்லுறா, ஹவியர் அங்கிள் சொல்லுறார், நிலையத்திலையும் சொல்லுகினம். எல்லாருக்கும் ஓம் ஓம் எண்டு தலையாட்டித் தலையாட்டி நான் களைச்சுப் போனன்."

நான் கையை எடுத்துக்கொண்டேன். பிறகு திரும்ப வைத்தேன். வெளியில் பள்ளிவாசலில் மத்தியானத்து லுஹர் பாங்கு சொன்னது. கீழே கடைக்காரன் ஷட்டரை இழுத்து விட்டான். அவள் அழுதாள், நான் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

வருகிற கிழமை ஊருக்குப் போகிறாள். லீவுக்கு மட்டுமே போய் வந்த ஊர். அங்கே தமிழ்ப் பலகையைக் கூட எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அங்கே போய் என்ன செய்வாள்? எனக்குத் தெரியாது, தவம். ஏதாவது ஒரு வழி இருக்கும் என்று இந்த இடத்தில் எழுதினால் கடிதம் நன்றாக முடியும். ஆனால் உனக்கு நான் பொய் எழுதிப் பழக்கமில்லை.

ஆகவே என்னால் முடிந்த ஒன்றைத்தான் உனக்கு வாக்காகத் தருகிறேன். நானும் லீவு போட்டுக்கொண்டு அவளோடு போகிறேன். மச்சாளிடம் எல்லாவற்றையும் நானே சொல்வேன், பிள்ளை வாய் திறக்கத் தேவையில்லை. ஊர்ச்சனம் வாசலில் வந்து நின்று மகள் என்ன படித்தவ, எங்கே வேலை என்று கேட்டால் நானே எழும்பிப் போய்ப் பதில் சொல்வேன். அவள் இருக்க வேண்டும் என்றால் இருக்கட்டும், அழ வேண்டும் என்றால் அழட்டும். எல்லாம் சரிவரும் என்று மட்டும் உன் மகளுக்கு நான் இனி ஒருநாளும் சொல்ல மாட்டேன், தம்பி.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற
உன் அக்காச்சி,
குதைபியாவிலிருந்து